வரவுமில்லை, ஆளனுப்பவுமில்லை

ஹவுன்ஸ்லோ, இலண்டன்
13 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

மடு மாதாவின் காவலில் நானும் உங்கள் மச்சான் றொனால்டும் இங்கே சுகம். மன்னாரில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் கேட்கிறேன். உங்கள் பிரஷர் எப்படி? அண்ணியின் முழங்கால் எப்படி?

பத்து வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாளே, என்ன வேண்டுமாம் என்று நினைப்பீர்கள். ஒன்றும் வேண்டாம் அண்ணை. ஒரு புதினம், நல்ல செய்தி, சொல்ல வேண்டும். அது விளங்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கடைசியாகத் தொலைபேசியில், "சொல்லுறதுக்கு ஏதும் இருந்தா எழுத்திலை தா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். முப்பத்தாறு வருஷம் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நான் படிக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில்! காலையில் விமான நிலையத்து வாசனைத் திரவியக் கடையில் ஷிப்ட், பின்னேரம் பல்கலைக்கழகம். மத்தியகால வரலாற்றில் முதுகலை. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் அரசிகளையும் போர்களையும் ஆய்வுக்கு எடுத்தார்கள். நான் எடுத்தது அறுநூறு வருஷத்துக்கு முந்திய ஹங்கேரி அரசனின் நீதிமன்றம். பேராசிரியை ஏன் என்று கேட்டா. "நான் கோர்ட் வீட்டுப் பிள்ளை" என்றேன். அவவுக்கு விளங்கவில்லை.

அண்ணை, அங்கே தவணை எல்லாம் திருநாளை வைத்துத்தான்! யோர்ஜியார் திருநாளுக்கு எட்டாம் நாள் ஒரு தவணை. சந்தியோகுமையோருக்கு எட்டாம் நாள் இன்னொன்று. பிறகு மிக்கேல் சம்மனசுக்கு, மூன்று இராசாக்களுக்கு. ஒரு வழக்கு யோர்ஜியாரிடமிருந்து சந்தியோகுமையோருக்குத் தள்ளிப்போய், அங்கிருந்து மிக்கேலுக்குத் தள்ளிப்போய், அடுத்த வருஷமும் முடியாமல் இழுபடுகிறது. வாசிக்க வாசிக்க எனக்கு நீங்கள் மதியச் சாப்பாட்டில் சொல்லும் கதைகள்தான் நினைவுக்கு வந்தன. நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இன்றைக்கு மூன்று இராசாக்களின் எட்டாம் நாள். நல்ல தவணை நாள் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த நீதிமன்றத்துக் கடிதங்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்காளி வந்து நின்றார், உரிய நாள் முழுக்கக் காத்திருந்தார். எதிராளி வரவுமில்லை, ஆளனுப்பவுமில்லை. அதை முதல் தரம் வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் குசினியில் போய் நின்றேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது ஒரு கேள்வி. நீதிபதி வராத நாளில் உங்கள் நீதிமன்றத்தில் என்ன நடக்கும்? உண்மையில் வேலையை நடத்துவது யார்? என் ஆய்வே இதைப் பற்றியதுதான்.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கச்சி,
மேரிசாந்தி


மன்னார்
6 பெப்ரவரி 2024

மேரிசாந்திக்கு,

இங்கு இருவரும் சுகம். பிரஷர் குளிசையில் அடங்கியிருக்கிறது. முழங்கால் அடங்கவில்லை.

1. உமது 13.01.2024 திகதிய கடிதம் 02.02.2024 அன்று கிடைக்கப்பெற்றது.

2. நீதிபதி வராத நாளில் பதிவாளர் வழக்குகளைக் கூப்பிட்டு அடுத்த தவணை கொடுப்பார். தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. ஆயினும் எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது நீதிபதியைவிடப் பதிவாளருக்கு நன்றாகத் தெரியும். பதிவாளரைவிடத் தட்டெழுத்தாளருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

3. மேற்படி நாட்டு நீதிபதிகள் பற்றி மேலதிக விபரம் தரவும்.

4. இரண்டு பக்கமும் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகவும். சின்ன வயதிலிருந்தே உமக்குக் குளிருக்குக் காது குத்தும்.

அ. செபஸ்தியாம்பிள்ளை
ஓய்வுபெற்ற பதிவாளர்
(முத்திரை)


ஹவுன்ஸ்லோ
25 பெப்ரவரி 2024

என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று உங்கள் முத்திரையோடு வாசித்ததில் எனக்கு இரண்டு சுற்றுச் சதை போட்டுவிட்டது. எழுதினீர்களே! கடிதத்தை வாசலில் நின்றே கிழித்து வாசித்தேன். பிறகு 111ஆம் பஸ்ஸில் வாசித்தேன். பிறகு கடையில் இடைவேளையில் வாசித்தேன். கூட வேலை செய்யும் பிள்ளைகள் காதலன் கடிதமா என்று கேட்டார்கள். "அதைவிடப் பெரிசு" என்றேன். உங்கள் றப்பர் முத்திரையையும் காட்டினேன். நீங்கள் கதிரையில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல அண்ணி அந்தப் பழைய தட்டச்சு இயந்திரத்தில் தட்டியிருப்பா என்று நினைத்துப் பார்த்தேன். நீதிமன்றத்திலும் அப்படித்தானே? அவ தட்டெழுத்தாளராக வந்த கிழமையே உங்கள் கடிதங்களில் எழுத்துப் பிழை நின்றுவிட்டது என்று அம்மா சொல்லிச் சிரிப்பா.

மேலதிக விபரம் கேட்டீர்கள். கேளுங்கோ!

அரசனுக்கு அடுத்தபடி நாதோர் என்று ஒரு பெரிய பிரபு. அவர் மாவட்டம் மாவட்டமாகப் போய், பட்டினத்துக்கு வெளியே வெட்டவெளியில் ஆட்களைக் கூட்டி வைத்து விசாரிப்பார். அரண்மனையில் இருந்து விசாரிப்பவர் ஓர்சாக்பீரோ. நாட்டு நீதிபதி என்று அர்த்தம். றொனால்டுக்கு அந்தப் பெயர் பிடித்துப் போய், இப்போது என்னையே அப்படித்தான் கூப்பிடுகிறார். "ஓர்சாக்பீரோ, தேத்தண்ணி இருக்கோ?" என்கிறார்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பிரபுக்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை. வாளும் குதிரையும் உள்ளவர்கள். அரசன் போருக்குப் போனால் கூடவே போய்விடுவார்கள். ஆனால் "நாம், இன்ன பிரபு, நாட்டு நீதிபதி" என்று தொடங்கி அவர்கள் முத்திரையோடு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும்! எழுதுவது தலைமை எழுத்தர். கடிதத்தின் பின்பக்கத்தில் அவருடைய பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும்: யார் வந்தது, யார் வரவில்லை, அடுத்த தவணை எப்போது. அதன் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கிறேன். முன்பக்கத்தில் பிரபு. பின்பக்கத்தில்தான் உண்மையான ஆள்.

அழைப்பாணை கொடுக்கும் விதத்தையும் சொல்லி விடுகிறேன். அரசனின் ஆள் ஒருவர் போவார். பக்கத்துக் கோயிலில் இருந்து ஒரு குருவானவர் சாட்சியாகக் கூடப் போவார். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால், மூன்று சந்தைகளில் அவன் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். அதற்குப் பிறகு தெரியாது என்று சொல்ல ஏலாது.

ஆகவே அண்ணை, நான் பாஸ் பண்ணினால் வருகிற வருஷம் ஜனவரி 22 பட்டமளிப்பு. இது முதலாவது அழைப்பாணை. நீங்கள் வரவேண்டும். வராவிட்டால் லூயிஷாம் சந்தையிலும் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவிலும் ரெய்னர்ஸ் லேனிலும் உங்கள் பெயரைக் கூவுவேன். முசுப்பாத்திக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதேயுங்கோ.

காதை மூடிக்கொண்டுதான் போகிறேன்.
உங்கள் தங்கச்சி,
மேரிசாந்தி


மன்னார்
20 மார்ச் 2024

மேரிசாந்திக்கு,

சுகம். வெயில் கடுமை. தபால்காரர் மாறியிருக்கிறார், புதியவர் பதினொரு மணிக்குத்தான் வருகிறார்.

1. அழைப்பாணை கிடைக்கப்பெற்றது.

2. அழைப்பவர் மீதே பழைய வழக்கொன்று தீராமல் கிடக்கிறது. 2013 செப்டெம்பரில் அம்மாவின் செத்தவீட்டுக்கு நீர் வரவுமில்லை, ஆளனுப்பவுமில்லை. லீவு கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னீர். இந்த வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை.

3. காரணத்தை எழுத்தில் தரவும். உண்மையான காரணத்தை.

4. சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போகவேண்டாம்.

அ. செபஸ்தியாம்பிள்ளை
(முத்திரை)


ஹவுன்ஸ்லோ
1 மே 2024

அண்ணைக்கு,

நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும். நாங்கள் உடம்புக்குச் சுகம்.

ஆறு கிழமையாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இன்றைக்கு ஹங்கேரிக் கணக்கில் யோர்ஜியாரின் எட்டாம் நாள், தவணை நாள். ஆகவே வந்து நிற்கிறேன்.

லீவு கிடைத்தது. கேட்டவுடனேயே தந்தார்கள். அப்போது என்னிடம் பாஸ்போட் இல்லை, அண்ணை. விசாவை நீடிக்கச் சொல்லி ஹோம் ஒபிஸுக்கு அனுப்பி ஒன்றரை வருஷமாகியிருந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் விண்ணப்பம் அத்தோடு சரி, திரும்பி வர ஏலாது. றொனால்டின் விசாவும் என்னுடையதோடுதான் இருந்தது. ஆனால் நான் அதற்கு முதல் வருஷமே விசா வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லி, கோயிலில் நன்றிப் பூசையும் கொடுத்துவிட்டா. அதற்குப் பிறகு எந்த வாயால் இல்லை என்பேன்?

ஆளனுப்பியிருக்கலாம்தான். ரெய்னர்ஸ் லேனில் மேனுஷா என்று என் சிநேகிதி. அந்தக் கிழமை மன்னாருக்கு வந்தவள். "பூவளையம் வாங்கிக்கொண்டு போய் வைக்கிறன் அக்கா" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. அவளுக்கு விசா விஷயம் தெரியும். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். என் மானத்துக்காக அம்மாவுக்கு ஒரு பூக்கூட அனுப்பவில்லை. அடக்கப் பூசை நேரத்தைக் கணக்குப் பார்த்து, கடையின் பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலில் நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஹங்கேரியில் அரசனின் படையோடு போனவனுக்கு எதிராக வழக்கு நடத்தமாட்டார்கள். படை வீடு திரும்பிப் பதினைந்தாம் நாள் வரைக்கும் தள்ளிவைப்பார்கள். என் படை வீடு திரும்பியது 2016இல், விசா வந்த அன்று. பதினைந்தாம் நாள் உங்கள் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். எட்டு வருஷம் பிந்திவிட்டேன். இதுதான் காரணம். ஏற்றுக்கொள்வதும் விடுவதும் உங்கள் கையில்.

ஏற்றுக்கொண்டால், இது இரண்டாவது அழைப்பாணை.

சாந்தி


மன்னார்
29 ஜூன் 2024

மேரிசாந்திக்கு,

இருவரும் சுகம். நீரும் அப்படியே இருக்கவேண்டும்.

1. காரணம் வாசிக்கப்பட்டது.

2. காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2013 செப்டெம்பர் வழக்கு இத்துடன் முடிவு. இனி ஒருவரும் அதைக் கிளறக்கூடாது.

3. அம்மா கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் உம்மைப் பற்றிச் சொன்னது: "அவளுக்கு அங்கை ஏதோ கரைச்சல். வாயைத் திறக்கமாட்டாள். அவளை ஏசாதேங்கோ." இதை உமக்கு முன்னரே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காதது பிழை.

4. அழாமல் ஆய்வை எழுதி முடிக்கவும்.

அ. செபஸ்தியாம்பிள்ளை
(முத்திரை)


ஹவுன்ஸ்லோ
20 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஓம், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முழங்காலுக்கு நான் அனுப்பும் தைலத்தை இரண்டு வேளை தடவுங்கோ.

ஜூன் கடிதம் வந்த அன்று நான் அடித்த கூத்தைச் சொல்லவேண்டும். கடை நடுவில் நின்று "ஏற்றுக்கொள்ளப்பட்டது!" என்று கத்தினேன். துபாய்க்குப் போகிற ஒரு மனுஷிக்கு மூன்று வாசனையை ஒரே கையில் அடித்துவிட்டேன். றொனால்ட் பின்னேரம் கேக் வாங்கி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் குசினியில் ஆடினோம் அண்ணி, இந்த வயதில்!

அடுத்த நாள் பேராசிரியையிடம் போனேன். ஆய்வில் ஒரு நீதிபதியின் கடிதத்தைக் காட்டினேன். அவ ஒன்றுதான் சொன்னா: "கடிதத்தின் திகதியைப் பார். அன்றைக்கு அந்த மனுஷன் எங்கே இருந்தார் என்று பார்." பார்த்தேன். கடிதம் தலைநகரில் எழுதப்பட்டிருக்கிறது. ஆள் தெற்கே படையோடு நிற்கிறார்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. என் ஆய்வின் நடு முடிச்சே அதுதான். எழுத்தர்தான் தீர்த்திருக்கிறார். முத்திரை மட்டும்தான் பிரபுவுடையது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். ஜூன் 29. அண்ணை நாற்பது வருஷமாக மடுவில் ஜூன் 23 கொடியேறுகிற அன்று போனால் ஜூலை இரண்டாம் திகதித் திருநாள் முடிந்துதான் வீடு திரும்புவார். சண்டைக் காலத்தில்கூட ஒரு வருஷம் விட்டதில்லை. அப்படியானால் 29ஆம் திகதி மன்னார் வீட்டில் இருந்து முத்திரை குத்தியது யார்? ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலடியில் இருந்தது யார்? என் காது குத்துவது யாருக்கு நினைவிருக்கும்?

அண்ணி, எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் எனக்கு இது தெரியவேண்டும். தலைமை எழுத்தர் தீர்த்த வழக்கு செல்லும் என்றுதான் என் ஆய்வில் வாதிடுகிறேன். ஏனென்றால் பிரபு போகும்போது முத்திரையைத் தன் கையாலேயே அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். கொடுத்தால் செல்லும். களவாக எடுத்தால் செல்லாது. அண்ணை உங்களுக்கு முத்திரையைத் தந்தாரா? இல்லை, நீங்கள் எடுத்தீர்களா? என்னை மன்னித்தது யார்?

இது மூன்றாவது அழைப்பாணை. அண்ணையிடம் கொடுத்துவிடுங்கோ.

அன்பு மச்சாள்,
சாந்தி


மன்னார்
12 ஓகஸ்ட் 2024

அன்பான சாந்திக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். தைலம் வந்தது. நல்ல எரிவு, ஆகவே நல்ல மருந்து. இதைக் கையால் எழுதுகிறேன். இனி ஒளித்து என்ன?

நான்தான் எழுதினேன். எல்லாவற்றையும் நான்தான். அவர் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை. உன் முதல் கடிதம் வந்ததும் மேலே திகதி குத்தினார். உடைக்கவில்லை. "கோப்பிலை போடும்" என்றார். நான், "பதில்?" என்றேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். உன்னோடு பேசக்கூடாது என்று பத்து வருஷத்துக்கு முன் எனக்குச் சொன்னவர் அவர். எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே. முப்பது வருஷம் அவர் பெயரில் கடிதம் தட்டியவள் நான். அவர் எப்படி எழுதுவார் என்று அவரைவிட எனக்குத் தெரியும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். முத்திரை அவருடைய மேசை லாச்சியில் இருக்கும். லாச்சிக்குப் பூட்டு. திறப்பு அவருடைய இடுப்பு வாரில். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார், அதுவும் குளியலறைக்குள்ளே. உன் கடிதம் வந்து மூன்றாம் நாள் காலையில் நான் தைக்க உட்கார்ந்தால், திறப்பு என் தையல் இயந்திரத்தின் மேல் கிடக்கிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் முற்றத்தில் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் இங்கேதான் கிடக்கிறது. இது கொடுத்ததா, எடுத்ததா என்று நீயே சொல்லு, நீதானே படிக்கிறாய்.

உன் மே மாதக் கடிதத்தையும் உடைத்து வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டேன். அடுத்த நாள் பார்த்தால் தலைகீழாக இருந்தது. இவர் ஒரு தாளைத் தலைகீழாக வைக்கிற ஆளா? அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். பிரஷருக்குக் கண் மங்குதாம்.

இன்னுமொன்று. உன் கணக்கில் ஒரு பெரிய பிழை. அவர் இந்த முறை மடுவுக்குப் போகவே இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தரம். கூடப் போகிறவர்கள் வந்து கூப்பிட்டார்கள். "கால் ஏலாது" என்றார். கால் ஏலாதது எனக்கு, அவருக்கு அல்ல. அவர் பதினொரு மணியானால் வாசல் படலைக்குப் போய் நிற்பார், தபால்காரன் தாண்டிப் போகும்வரை. உன்னுடையதுக்குப் பதில் தட்டினேன் என்றுகூட அவருக்கு நான் சொல்லவில்லை. பதிலுக்குப் பதில் வரும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார் போல.

மூன்றாவது அழைப்பாணையை மேசையில் வைத்தேன். அதற்கும் திகதி குத்தினார்.

உன் அண்ணி,
மரியநாயகி


ஹவுன்ஸ்லோ
6 ஒக்டோபர் 2024

என் அண்ணைக்கு,

உங்கள் கண் மங்காமல், கால் நோகாமல், பிரஷர் ஏறாமல் இருக்கவேண்டும். இன்றைக்கு மிக்கேல் சம்மனசின் எட்டாம் நாள்.

பாஸ்! அண்ணை, பாஸ்! அதிசிறப்புத் தேர்ச்சி! வெள்ளிக்கிழமை வந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் எழுதியிருக்கிறார்: "நீதிமன்றம் உள்ளே இருந்து எப்படி நடக்கும் என்று அறிந்த ஒருவரின் எழுத்து." அறிந்த அந்த ஒருவர் நானில்லை. ஆய்வின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் அண்ணியின் பெயரையும் போட்டிருக்கிறேன். பதிவாளருக்கும், பதிவாளரைவிட நன்றாகத் தெரிந்த தட்டெழுத்தாளருக்கும்.

இனி வழக்குக்கு வருகிறேன். பெப்ரவரி, மே, ஜூலை என்று மூன்று முறை அழைத்தேன். பதில் இல்லை. ஆகவே சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன்.

மூன்று சனிக்கிழமை. றொனால்டை அரசனின் ஆளாக நிறுத்தினேன். சாட்சிக்கு எங்கள் பங்கில் பாடல் குழு நடத்தும் நித்தியானந்தன் வந்தார், அவர் குருவானவராகப் படிக்கப் போய் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தவர், அது போதும் என்று விட்டுவிட்டோம். முதலில் லூயிஷாம் சந்தை. வாழைப்பழக் கடைக்கு முன்னால் நின்று தாளை விரித்தேன். "மன்னாரைச் சேர்ந்த அந்தோனிப்பிள்ளை செபஸ்தியாம்பிள்ளை, உங்கள் தங்கச்சி ஜனவரி 22 அன்று இலண்டனில் காத்து நிற்பாள், வாருங்கோ!" என்று வாசித்தேன். பழக்காரர் ஒரு சொல்லும் விளங்காமல் கைதட்டினார்.

ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் படம் பிடித்தார்கள். ரெய்னர்ஸ் லேனில்தான், அண்ணை, நான் நினைக்காதது நடந்தது. அங்கே எல்லாம் எங்கள் ஆட்கள். பலசரக்குக் கடை யோகராஜா வெளியே வந்து, "அந்த மனுசன் என்ன செய்தவர், தங்கச்சி?" என்று கேட்டார். "ஒண்டும் செய்யேல்லை. என்னோடை கதைக்கேல்லை. பிழை என்னிலைதான்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தா. "பிள்ளை, என்ரை அண்ணையின்ரை பேரையும் சேர்த்து வாசியுமன். அம்பலவாணன். கனடாவிலை இருக்கிறார். பதினேழு வருசம்" என்றா.

வாசித்தேன். அதன் பிறகு யோகராஜா தன் தம்பியின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் மகளின் பெயரைச் சொன்னார். ஏழு பெயர் வாசித்தேன் அண்ணை. கடைசியில் திரும்பவும் உங்கள் பெயரை வாசித்தேன். தெருவே கேட்கக் கத்தினேன். எனக்கு வெட்கமே வரவில்லை.

இனித் தெரியாது என்று சொல்ல ஏலாது.

தங்கச்சி,
சாந்தி


மன்னார்
2 நவம்பர் 2024

சாந்திக்கு,

நானும் அண்ணியும் சுகம். இன்றைக்கு ஆத்துமாக்கள் திருநாள். காலையில் சேமக்காலைக்குப் போய் அம்மாவின் கல்லறையில் இரண்டு பூவளையம் வைத்தேன். ஒன்று உன்னுடையது. சுற்றியிருந்த நாடாவில் உன் பெயர் எழுதுவித்தேன்.

நீ சந்தையில் கூவியது முறைகேடு. மூன்றாவது அழைப்பாணை என் கையில் தரப்படவில்லை, அண்ணி பெயருக்கு வந்தது. சாட்சியும் அரைக் குருவானவர். நல்ல பதிவாளர் இருந்திருந்தால் உன் கோப்பைத் தூக்கி எறிந்திருப்பார். அந்தப் படம் எப்படியோ மன்னாருக்கும் வந்துவிட்டது. தபால்காரன் தன் போனில் எனக்குக் காட்டினான். நீ மெலிந்துபோயிருக்கிறாய்.

திறப்பை வைத்தது நான்தான். உன் கடிதத்தை உடைக்கப் பயமாக இருந்தது. உடைத்தால் பதில் எழுதவேண்டும், எழுதினால் கேட்கவேண்டும். உனக்கு என்ன கரைச்சல் என்று பத்து வருஷமாக நான் கேட்கவே இல்லை. அம்மா ஏசாதே என்று சொன்னது அண்ணிக்கு மட்டுமல்ல, எனக்கும்தான் சொன்னா. அந்தப் பத்து வருஷமும் நானும் வரவில்லை, ஆளனுப்பவுமில்லை. என் வழக்கும் உன் வழக்கும் ஒன்றுதான். ஒரே தவணையில் முடித்துவிடுவோம்.

அண்ணி தட்டிய கடிதங்கள் எல்லாம் செல்லும்.

ஓகஸ்ட் கடைசியிலேயே கேட்டிருந்த விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். ஜனவரி 18, சனிக்கிழமை, பின்னேரம் ஒன்றரைக்கு விமானம் இறங்கும். நீ வேலை செய்கிற கட்டடத்துக்குத்தான் வருகிறதாம், டிக்கற் போட்ட பொடியன் சொன்னான். அண்ணி உனக்குப் பாரைக் கருவாடு கட்டுகிறா, விடமாட்டார்கள் என்று சொல்லியும் கேட்கிறா இல்லை.

அன்றைக்கு உனக்கு ஷிப்ட் இருக்கும். றொனால்டை விடுகிறேன், மேனுஷாவை விடுகிறேன் என்று சொல்லக்கூடாது. நான் வருகிறேன். நீ வாசலில் வந்து நில். ஆளனுப்பாதே.

அண்ணை